வாயில்லாச் சீவன்களின் வலி



நமக்குத் தலை வலித்தால் தலை வலிக்கிறது என்று சொல்லிவிடுகிறோம். பேசத் தெரியாத கைக்குழந்தையும் அழுது தன் வேதனையைத் தாய்க்கு அறிவித்துவிடுகிறது. ஆனால் வண்டி இழுக்கும் குதிரைக்கு முன்னங்கால் நொந்தால் அது யாரிடம் முறையிடும்? ஆட்டுக்கிடையை இரவெல்லாம் காவல் காக்கும் நாய்க்கு இடுப்பு மூட்டு தேய்ந்தால் அது எந்த மொழியில் சொல்லும்?

அவற்றுக்கும் ஒரு மொழி உண்டு. காதின் திருப்பத்திலும், கண்ணின் சுருக்கத்திலும், அடியெடுத்து வைக்கும் முறையிலும் அந்த மொழி எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படித்தறிந்து, வலியைக் குறைத்து, தளர்ந்த உறுப்பை மீண்டும் இயங்கச் செய்யும் கலையே விலங்குகளுக்கான பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் ஆகும். மனிதர்க்கே இச்சிகிச்சை எளிதில் கிட்டாதபோது நாய்க்கும் குதிரைக்குமா என்று வியப்போர் உண்டு. ஆனால் இம்மருத்துவத்தின் பெரும்பகுதி விலையுயர்ந்த கருவிகளில் இல்லை; உரிமையாளரின் கண்ணிலும் கையிலும் பொறுமையிலும் இருக்கிறது என்பதை அறிந்தால் அவ்வியப்பு நீங்கிவிடும்.

முகத்தில் எழுதிய முறையீடு

குதிரை இயல்பில் வேட்டையாடப்படும் இனத்தைச் சேர்ந்தது. கூட்டத்தில் நொண்டும் குதிரையையே ஓநாய் முதலில் குறி வைக்கும். ஆகவே வலியை வெளிக்காட்டாமல் மறைப்பது அதன் பிறவிக்குணமாக அமைந்துவிட்டது. அந்நியர் அருகில் வந்தால் அது இன்னும் நிமிர்ந்து நின்றுகொள்ளும்.

இவ்வாறு மறைக்கப்படும் வலியைக் கண்டறிய, இத்தாலியின் மிலான் பல்கலைக்கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2014-ஆம் ஆண்டில் குதிரையின் முகத்தையே ஓர் அளவுகோலாக்கினர். அவர்கள் பார்க்கச் சொன்னவை ஆறு. காதுகள் விறைத்துப் பின்னோக்கித் திரும்பியிருத்தல். கண்ணிமைகள் இறுகிப் பாதி மூடியிருத்தல். கண்ணுக்கு மேலுள்ள பகுதி இழுபட்டு எலும்பு புடைத்துத் தெரிதல். தாடையின் மெல்லும் தசைகள் முறுக்கேறியிருத்தல். வாய் இறுகி மோவாய் துருத்தி நிற்றல். மூக்குத்துளைகள் விறைத்து முகத்தின் பக்கத்தோற்றம் தட்டையாதல். ஒவ்வொன்றுக்கும் இல்லை எனில் 0, ஓரளவு எனில் 1, தெளிவாக உண்டு எனில் 2 என மதிப்பிட்டுக் கூட்டினால் 12 வரை வரும். எண் ஏற ஏற வலியும் மிகுதி என்பது பொருள்.

நடையும் பேசும். நிற்கும் குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்களே தாங்குகின்றன. அவற்றுள் ஒன்று நோயுற்றால், மெல்லோட்டத்தின்போது அந்தக் கால் தரையில் படும் நொடியில் குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது தலை தாழும். இவ்வொரு குறிப்பை நினைவில் கொண்டால் எந்தக் கால் நோகிறது என்பதை யாரும் கண்டுகொள்ளலாம். மேலும், நின்றபடியே ஒரு பின்னங்காலைத் தளர்த்தி ஓய்வு கொள்வது குதிரையின் இயல்பு. ஆனால் ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி, அதில் பாரம் விழாமல் நின்றால் அது ஓய்வன்று, நோவு.

நாயின் நிலை சற்று வேறு. அது வலியோடும் வாலாட்டும். எஜமானரைக் கண்டால் நொந்த காலையும் மறந்து ஓடிவரும். அதனால் ‘நன்றாகத்தான் இருக்கிறது’ என்று நாம் ஏமாந்துபோகிறோம். முன்பு தாவி ஏறிய படியில் இப்போது தயங்கி நிற்றல், ஒரு பக்கம் சாய்ந்து உட்காருதல், ஒரே மூட்டை ஓயாமல் நக்குதல், தொட்டால் உறுமுதல், இரவில் இடம் மாறி மாறிப் படுத்தல், ஒரு தொடை மற்றதைவிட மெலிந்துபோதல் ஆகியவையே அதன் முறையீடுகள். வயதாகிவிட்டது என்று நாம் தள்ளிவிடும் பல மாற்றங்கள் உண்மையில் மூட்டுவலியே ஆகும்.

அறுவைச் சிகிச்சை போன்ற கடுமையான வலிக்கு ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார் வகுத்த அளவுகோல் ஒன்றைக் கால்நடை மருத்துவர்கள் கையாளுகின்றனர். முனகல், புண்ணைக் கவனித்தல், நடை, தொடுகைக்குக் காட்டும் எதிர்ப்பு, மனநிலை, உடல் இருக்கும் நிலை என ஆறு பிரிவுகளில் மொத்தம் 24 புள்ளிகள். நடக்கக்கூடிய நாய்க்கு 6 அல்லது அதற்கு மேல் வந்தால் வலிநீக்கும் மருந்து தேவை என்று கொள்வர்.

வலி வலியை வளர்க்கும்

வலியைப் பொறுத்துக்கொண்டால் தானே போய்விடும் என்று எண்ணுவது பிழை. நொந்த காலை விலங்கு ஊன்றுவதில்லை. ஊன்றாத காலின் தசைகள் சில வாரங்களில் மெலிந்துவிடுகின்றன. தசையின் தாங்குதல் குறைந்ததும் மூட்டு தளர்ந்து மேலும் தேய்கிறது. தேய்ந்த மூட்டு முன்னிலும் அதிகமாக வலிக்கிறது. இதற்கிடையே மற்றக் கால்களும் முதுகும் கூடுதல் பாரத்தைச் சுமந்து தசைப்பிடிப்புக்கு ஆளாகின்றன. ஒரு காலில் தொடங்கிய நோவு உடல் முழுவதையும் பற்றிக்கொள்வது இவ்வாறுதான்.

அதைவிடக் கொடியது ஒன்று உண்டு. இடைவிடாமல் வலிச்செய்தி வந்துகொண்டிருந்தால், தண்டுவடத்திலுள்ள நரம்பு அணுக்கள் எளிதில் தூண்டப்படும் நிலைக்கு மாறிவிடுகின்றன. பிறகு இலேசாகத் தடவினாலும் அது வேதனையாகவே உணரப்படும். ஆகவேதான் வலியை முளையிலேயே கவனிக்க வேண்டும் என மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர்.

அடக்குவதா, தீர்ப்பதா?

அப்படியானால் வலிநீக்கி ஊசி ஒன்று போட்டு வேலைக்கு ஓட்டிவிடலாமே என்று கேட்கலாம். இக்கேள்வியில்தான் இம்மருத்துவத்தின் உயிர்நாடியே இருக்கிறது.

1968-ஆம் ஆண்டு அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பி பந்தயத்தில் ‘டான்சர்ஸ் இமேஜ்’ என்னும் குதிரை முதலாவதாக வந்தது. பந்தயத்திற்குப் பின் நடந்த சோதனையில் அதன் உடலில் பினைல்பியூட்டசோன் என்னும் வலிநீக்கி மருந்து காணப்பட்டது. அதன் கணுக்கால் நோவுக்காகக் கொடுக்கப்பட்ட மருந்து அது. பந்தய நாளில் அம்மருந்து உடலில் இருத்தலாகாது என்பது அன்றைய விதி. வெற்றி பறிக்கப்பட்டது, வழக்கு நீதிமன்றங்களில் பல ஆண்டுகள் நடந்தது.

மருந்து நோயைத் தணிப்பதுதானே, அதை ஏன் தடுக்க வேண்டும்? காரணம் எளிது. வலி ஒரு காவலாளி. ‘இக்காலில் பாரம் வைக்காதே’ என்று அது கூவுகிறது. காவலாளியின் வாயைக் கட்டிவிட்டுக் குதிரையை முழு வேகத்தில் ஓட்டினால், நைந்த தசைநாண் அறுந்துபோகலாம். விரிசல் கண்ட எலும்பு முறிந்துபோகலாம். வலியை அடக்குவது வேறு. வலியின் காரணத்தைத் தீர்ப்பது வேறு.

வலியைக் குறைப்பது விலங்கை அமைதியாக ஓய்வெடுக்கவும், அளவோடு இயங்கவும் வைப்பதற்காகவே. நோயுடன் மீண்டும் வேலை வாங்குவதற்காக அன்று. இயன்முறை மருத்துவர் இந்தக் கோட்டைத் தாண்டுவதில்லை. நோய் இன்னதென்று கால்நடை மருத்துவர் ஆராய்ந்து சொன்ன பின்னரே அவர் கைவைக்க வேண்டும். பிரிட்டனில் 1962-ஆம் ஆண்டு ஆணை ஒன்று இதைச் சட்டமாகவே ஆக்கியது. 2015-இல் வந்த புதிய ஆணையிலும் அக்கொள்கை தொடர்கிறது. முறிந்த எலும்பைப் பிடித்துவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் இச்சட்டத்தின் நியாயம் புலப்படும்.

குளிர்ச்சியும் வெப்பமும் கையும் நீரும்

அடிபட்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம். வலி சற்றுத் தணிகிறது. ஏன்? 1965-இல் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள் இதற்கு ஒரு விளக்கம் தந்தனர். தண்டுவடத்தில் வலிச்செய்திக்கு ஒரு வாயில் உண்டு. தொடுகையையும் அழுத்தத்தையும் எடுத்துச்செல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால் அவ்வாயில் பாதி அடைபடுகிறது என்பது அவர்களின் கருத்து. மென்மையாகப் பிடித்துவிடுவதன் பயனுக்கும், தோல் வழியே மெல்லிய மின்துடிப்புகளைச் செலுத்தும் ‘டென்ஸ்’ கருவியின் பயனுக்கும் இதுவே அடிப்படையாகக் கூறப்படுகிறது.

புதிய காயத்தில் முதல் இரண்டு மூன்று நாள்களுக்குக் குளிர்ச்சியே ஏற்றது. பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் வைத்தால் வீக்கம் அடங்கும். நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகமும் குறையும். பனிக்கட்டியை நேராகத் தோலில் வைக்கலாகாது. வீக்கமும் சூடும் தணிந்த பின்னரே வெந்நீர் ஒத்தடம். அந்தச் சூட்டை முதலில் நம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நமக்குச் சுட்டால் அதற்கும் சுடும். புது வீக்கத்தில் ஒத்தடமும், சீழ்ப்புண்ணிலும் கட்டியிலும் பிடித்துவிடுதலும் கூடவே கூடாது.

அடுத்தது மூட்டை அசைத்துக் கொடுத்தல். நாயைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, காலை முழுவதும் தாங்கிப் பிடித்து, மெல்ல மடக்கி மெல்ல நீட்ட வேண்டும். அது திரும்பிப் பார்த்தாலோ, காலை இழுத்துக்கொண்டாலோ, உதட்டை நக்கினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அந்த இடத்தைத் தாண்டி இழுப்பது சிகிச்சையன்று, சித்திரவதை.

நீரின் உதவி வியப்புக்குரியது. கண்ணாடித் தொட்டிக்குள் நகரும் பட்டை மீது நாயை நடக்கவைத்து நீரை நிரப்புவர். நீர் கணுக்கால் மூட்டளவு இருக்கையில் கால்கள் உடல் எடையில் 91 விழுக்காட்டைச் சுமக்கின்றன. முழங்கால் அளவு உயர்ந்தால் 85. இடுப்பளவு உயர்ந்தால் வெறும் 38 விழுக்காடே. தரையில் ஓரடி வைக்க அஞ்சும் நாய் நீருக்குள் நடந்துகாட்டும். பாரம் குறைகிறது, தசையோ வேலை செய்கிறது. வலியின்றி இயங்கலாம் என்ற நம்பிக்கையும் அதற்குப் பிறக்கிறது.

வலி போன பின்னும் பொறுமை

குதிரைகளுக்கு அடிக்கடி நேரும் காயங்களுள் ஒன்று, முன்னங்காலின் பின்புறத்தில் ஓடும் தசைநாண் நைந்துபோவது. சில வாரங்களில் வீக்கமும் வலியும் மறைந்துவிடும். நன்றாகிவிட்டது என்று எண்ணி ஓட்டுவோர் ஏராளம். ஆனால் உள்ளே இழைகள் கூடி உறுதிபெற ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை ஆகும். அதுவரை கையில் பிடித்து நடத்துதல்தான் மருந்து. நாளொன்றுக்குச் சில நிமிடங்களில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டி, அல்ட்ராசவுண்ட் படம் எடுத்துப் பார்த்தே மெல்லோட்டத்திற்கு அனுமதிப்பர். அவசரப்பட்டவரின் குதிரை மீண்டும் அதே இடத்தில் நைந்து நிற்கும்.

முதுகு நோவுள்ள குதிரைக்கு எளிய பயிற்சி ஒன்று உண்டு. காரட் துண்டைக் காட்டி, குதிரை தன் தலையை மார்புக்கும், முன்னங்கால்களுக்கு இடையிலும், விலாப்பக்கத்திற்கும் தானாகவே கொண்டுவரச் செய்வது. 2011-இல் வெளிவந்த ஆய்வொன்றில் எட்டுக் குதிரைகளுக்கு மூன்று மாதம் இவ்வாறு பயிற்சி அளித்தபோது, முதுகெலும்பை ஒட்டி ஆழத்தில் ஓடும் தாங்குதசைகள் பருத்திருந்தன. கருவியில்லை, கட்டணமில்லை, காரட்டும் பொறுமையும் போதும்.

நாயின் மூட்டுவலிக்கு எடைக்குறைப்பே முதல் சிகிச்சை. 48 லேப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுதும் கண்காணித்த ஆய்வின் முடிவு 2002-இல் வெளியாயிற்று. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளை இணைகளாக்கி, ஒன்றுக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்தனர். குறைவாக உண்டவற்றின் ஆயுள் சராசரியாக 1.8 ஆண்டு நீண்டது. மூட்டுத்தேய்வும் பிந்தியே வந்தது. அன்பு என்று எண்ணி அளவின்றி ஊட்டுவது மூட்டில் சுமையாகவே சேர்கிறது.

கெய்ரோ நகரத்துப் பாடம்

ஓய்வே மருந்து என்று சொல்வது எளிது. குதிரை நின்றால் அடுப்பு நின்றுவிடும் குடும்பம் என்ன செய்யும்? இதற்கு கெய்ரோ நகரின் வரலாறு விடை தருகிறது.

அந்நகருக்குக் குதிரை வைத்தியம் புதிதன்று. அரபு மொழியில் கால்நடை வைத்தியரைப் ‘பைத்தார்’ என்பர். மூலிகை நூலால் புகழ்பெற்று 1248-இல் மறைந்த இப்னு அல்-பைத்தாரின் பெயருக்கே ‘கால்நடை வைத்தியரின் மகன்’ என்பதுதான் பொருள். பதினான்காம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் அல்-நாசிர் முஹம்மதின் காலத்தில், அபூபக்ர் அல்-பைத்தார் என்பார் குதிரைகளின் நோய்கள் பற்றி விரிவான நூல் எழுதினார்.

அத்தகைய நகருக்கு 1930-இல் வந்தார் டோரதி புரூக் என்னும் ஆங்கிலப் பெண்மணி. முதல் உலகப் போரில் பணிசெய்த பிரிட்டிஷ் படைக்குதிரைகள் போர் முடிந்ததும் அங்கேயே விற்கப்பட்டிருந்தன. எலும்பும் தோலுமாய், வீங்கிய மூட்டுகளுடன் அவை வண்டி இழுத்துக்கொண்டிருக்கக் கண்டார். 1931-இல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு அவர் எழுதிய கடிதத்தால் நன்கொடை குவிந்தது. மூன்றாண்டுகளில் சுமார் 5,000 குதிரைகளை விலைக்கு வாங்கினார். அவற்றுள் பெரும்பாலானவை தேறும் நிலையைக் கடந்துவிட்டிருந்தன. வேதனையிலிருந்து அவற்றை விடுவிக்க வலியற்ற மரணம் ஒன்றே எஞ்சிய வழியாயிருந்தது.

அக்குதிரைகளை வைத்திருந்தோர் ஏழைகள், தாமும் பசித்திருந்தவர்கள். ஆகவே 1934-இல் அப்பெண்மணி கெய்ரோவில் உழைக்கும் குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இலவச மருத்துவமனையை நிறுவினார். அவர் தொடங்கிய ‘புரூக்’ நிறுவனம் இன்று பல நாடுகளில் இப்பணியைச் செய்துவருகிறது. குளம்பைச் சரியாகச் செதுக்குதல், முதுகை உரசாத சேணம், அளவான பாரம், நேரத்திற்குத் தண்ணீர் ஆகியவை வலியைத் தணிப்பதைவிட மேலானவை. அவை வலியை வராமலே தடுக்கின்றன. நலமான குதிரையே நாலு காசு அதிகம் ஈட்டித்தரும் என்பதையும் உழைப்பாளிகள் அனுபவத்தில் அறிவர்.

நாம் செய்யக்கூடியவை

நாயை வீட்டினுள் வளர்க்கும் வழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. எனினும் தோட்டத்திலும் கிடையிலும் கிடங்கிலும் காவலுக்கு நாய் நிற்கிறது. தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் மொண்டு தந்தவரின் செய்தியை அறியாதாரும் நம்மில் இலர். ஆகவே சிலவற்றை நினைவில் கொள்வோம்.

நம் வீட்டு மாத்திரையை விலங்குக்குக் கொடுக்கவே கூடாது. மனிதர் உண்ணும் இபுபுரூஃபன் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரைப் பறித்துவிடக்கூடும். விலங்குக்குரிய மருந்தும் அளவும் கால்நடை மருத்துவர் சொல்லத் தக்கவை.

வழுவழுப்பான தரையில் படுக்கும் முதிய நாய்க்கு ஒரு சாக்கையேனும் விரித்துவிடுங்கள். வழுக்காமல் எழ முடிந்தாலே அதன் பாதி வேதனை தீரும். நீண்ட ஒரு நடைக்குப் பதிலாகக் குறுகிய நடைகள் மூன்று நலம். வாரம் ஒருமுறை கால்களைத் தடவிப் பார்த்து, சூடு, வீக்கம், மெலிவு உண்டா எனக் கவனியுங்கள். முதல் நாள் நன்றாயிருந்ததை அறிந்தவரே மறுநாள் மாற்றத்தைக் காண முடியும்.

வண்டிக்குதிரை நொண்டினால் சாட்டையை எடுக்குமுன் குளம்பைத் தூக்கிப் பாருங்கள். கல்லோ ஆணியோ குத்தியிருக்கலாம். வாடகைக்கு வண்டி ஏறும் நாமும், நொண்டும் குதிரை பூட்டிய வண்டியைத் தவிர்த்து, அதற்கான காரணத்தை வண்டிக்காரரிடம் கனிவாகச் சொல்லலாம். நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவைப்போம். கல்லெறியப்பட்ட நாய் கத்திக்கொண்டு ஓடுவதை வேடிக்கையாகக் காணும் கண்களுக்கு, அது எந்தக் காலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொடுப்போம்.

வலியை அந்த விலங்கின் பேச்சாகவே கொள்ளுங்கள். மருந்தால் அதன் வாயை மூடிவிட்டு மீண்டும் நுகத்தில் பூட்டுவது நீதியாகாது. அது சொல்வதை முழுவதும் கேட்டு, வேண்டிய ஓய்வையும் கைப்பக்குவத்தையும் தருவதே நீதி. நமக்காக உழைக்கும் வாயில்லாச் சீவன் நம்மிடம் கேட்பது அவ்வளவே.